தரங்கம்பாடியில் கல்லா கட்டியது யார்?

பன்னிரண்டரை லட்சம் ரூபாய். 1845-ல் டென்மார்க் அரசாங்கம் இந்தியாவில் தன்னிடம் இருந்த இடங்களை இங்கிலீஷ் கும்பினிக்கு எழுதிக் கொடுத்த விலை இது. தரங்கம்பாடி, வங்காளத்தில் செராம்பூர், பாலசோரில் கொஞ்சம் நிலம் எல்லாம் சேர்த்துத்தான். (நிகோபார் தீவுகள் இந்தக் கணக்கில் சேராது. அது 1860-களின் கடைசியில் தனியாகக் கைமாறியது.) இன்னிக்கு இந்தத் தொகையை வச்சு சென்னையில ஒரு சுமாரான ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் வேணா கொடுக்கலாம்.

225 வருஷம் ஒரே இடத்துல கடை விரிச்சவங்க, கடைசியில கடையையே வித்துட்டுப் போனாங்க. அப்போ அங்கே யாருமே சம்பாதிக்கலையா? சம்பாதிச்சாங்க, நல்லாவே சம்பாதிச்சாங்க. ஆனா யார் சம்பாதிச்சா, எதை வித்து சம்பாதிச்சா, அது எத்தனை நாள் நின்னுச்சு என்பதுதான் விஷயம். "வளரும் நாடுகளில் ஆன்லைன் தொழில் தொடங்குவது எப்படி", "வீட்டிலிருந்தே டாலரில் சம்பாதியுங்கள்" என்று தினமும் யாராவது ஒருத்தர் நம்ம காதுல ஓதிக்கிட்டே இருக்காங்க இல்லையா? அவங்க சொல்ற பல மேட்டர் நம்ம தரங்கம்பாடியில 1620-லேயே ஆரம்பிச்சு, ஓடி, முடிஞ்சும் போயிடுச்சு. அதனாலதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: நான் வரலாறு படிச்சவன் இல்லை. பொறியியல் படிச்சுட்டுப் பொட்டி தட்டுறவன். ஆணி கம்மியா இருக்கிற வாரக்கடைசிகள்ல இதெல்லாம் படிக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

முதல்ல ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கணும். இன்னிக்கு "வளரும் சந்தை"ன்னா ஐரோப்பாக்காரன் பணக்காரன், நாம வளர்ந்துகிட்டு இருக்கோம்னு அர்த்தம். 1620-ல கதை தலைகீழ். காவிரி டெல்டாவில் நெல் விளைஞ்சது, தறி ஓடிச்சு, நாகப்பட்டினத்துல இருந்து கிழக்கே மலாய் தேசம் வரைக்கும் கப்பல் போச்சு. டென்மார்க் ஒரு சின்ன நாடு. இங்கே கொண்டு வந்து விற்க அவங்ககிட்ட சொல்லிக்கிற மாதிரி சரக்கே கிடையாது. நம்ம ஊர்த் துணி வேணும், மிளகு வேணும், ஆனா பதிலுக்குக் கொடுக்க வெள்ளிதான் இருக்கு. அந்த வெள்ளியும் வேற ஊர்ல வாங்கினது. ஆக, முதலீடு இல்லாத, ஆனா ஆசை நிறைய இருக்கிற சின்ன ஊர் ஆசாமி யார்னு பார்த்தா, டேனிஷ்காரன்தான். நம்மள்ல பல பேரோட நிலைமைதான் அவங்களுக்கும்.

அந்த ஸ்டார்ட்டப் எப்படி ஆரம்பிச்சதுன்னு பாருங்க. 1616-ல மன்னர் நான்காம் கிறிஸ்டியான் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுக்கிறார். கொஞ்ச நாள்ல மார்செலிஸ் போஷ்ஹூவர் என்று ஒரு டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து, "நான் கண்டி ராஜாவோட தூதன். போர்த்துக்கீசியரை விரட்ட உதவி பண்ணினா இலங்கை வியாபாரம் உங்களுக்கே" என்று ஒரு பிரசெண்டேஷன் போடுகிறார். அதை நம்பி 1618 நவம்பரில் கப்பல்கள் கிளம்புகின்றன. தலைவர் ஓவே கெட்டே, வயசு 23. (அந்த வயசுல நான் பெஞ்சுல உட்கார்ந்து ப்ராஜெக்ட் வருமான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்.) வழியிலேயே ஆட்களில் பாதிக்கு மேல் செத்துப் போனாங்க. போஷ்ஹூவரும் போய்ச் சேர்ந்துட்டார். 1620-ல இலங்கைக்குப் போய் இறங்கினா, கண்டி ராஜா அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்துட்டார். பிசினஸ் ப்ளானோட முதல் பக்கமே அவுட்!

அவங்களைக் காப்பாத்தினது ஒரு விபத்து. முன்னாடியே அனுப்பின ஒரு கப்பலைப் போர்த்துக்கீசியர் காரைக்கால் பக்கத்துல மூழ்கடிச்சுட்டாங்க. அதுல இருந்து ரோலண்ட் கிராப்பே என்கிறவரும் பத்துப் பதிமூணு பேரும் தப்பிச்சுக் கரை ஏறி, தஞ்சாவூர் நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தாங்க. ரகுநாத நாயக்கருக்கும் கணக்கு இருந்திருக்கும். நாகப்பட்டினத்துல போர்த்துக்கீசியர் மட்டுமே உட்கார்ந்திருந்தா விலையை அவங்கதான் சொல்வாங்க. போட்டிக்கு இன்னொருத்தன் வந்தா ராஜாவுக்கும் நல்லது, நெசவாளிக்கும் நல்லது. 1620 நவம்பர்ல ஒப்பந்தம் ஆச்சு. கடலோரக் கிராமம் ஒண்ணு, அதுக்கு ஆண்டு வாடகை 3111 ரூபாய். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னமும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. வாசகம் தமிழ், கையெழுத்து தெலுங்கு. டான்ஸ்போர்க் கோட்டை எழும்பினது இதுக்கு அப்புறம்தான்.

சரி, இடம் கிடைச்சாச்சு. வியாபாரம்?

ஊத்திக்கிச்சு. 1622-ல இருந்து 1637 வரைக்கும் டென்மார்க்ல இருந்து கிளம்பின கப்பல் 18, திரும்பிப் போனது 7. சரக்கை ஐரோப்பாவுக்கு ஏத்தி லாபம் பார்க்கிறதுங்கிற மூலத் திட்டம் இந்தக் கணக்கிலேயே செத்துப் போச்சு. கிராப்பே புத்திசாலி. ஐரோப்பாவை நம்பாம, இங்கேயே துணி வாங்கி இந்தோனேசியப் பக்கம் மக்காசாருக்குக் கொண்டு போய்க் கிராம்பு வாங்குற வழியைப் பிடிச்சார். அதுல கொஞ்சம் காசு பார்த்தாங்க. ஆனா அதுக்குள்ள டென்மார்க்ல சண்டை, கடன். 1640-களின் ஆரம்பத்துக்கு அப்புறம் ஊர்ல இருந்து கப்பல் வர்றதே நின்னு போச்சு. 1650-ல கம்பெனியைக் கலைச்சுட்டாங்க. இந்த விஷயமெல்லாம் தரங்கம்பாடியில உட்கார்ந்திருந்தவனுக்கு எப்பத் தெரிஞ்சதோ!

இந்த இடத்துல எனக்குப் பிடிச்ச ஆள் ஒருத்தர் வர்றார். எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள். மேலே இருந்தவங்க ஒவ்வொருத்தரா செத்தும் போயும் முடிஞ்சதும் 1655-ல பொறுப்பு இவர் தலையில விழுந்தது. சம்பளம் கிடையாது, கப்பல் கிடையாது, கடிதம் கூடக் கிடையாது. இந்த மனுஷன் வங்காளத்துக் கப்பல்களைப் பிடிச்சு, வந்த காசுல ஊரைச் சுத்தி மதில் எழுப்பி, நாயக்கர் படை வந்தப்போ தாக்குப் பிடிச்சு, கொடியை இறக்காம வச்சிருந்தார். 1669-ல ஒரு டேனிஷ் கப்பல், "அங்கே ஏதாவது மிச்சம் இருக்கா" என்று பார்க்க வந்துச்சு. வந்தவங்க அசந்து போய் அவரையே கவர்னராக்கிட்டாங்க. கப்பல் கொள்ளையை நான் சிபாரிசு பண்ணலைங்க :-) தலைமை அலுவலகம் செத்துப் போன பிறகும் கிளை ஆபீஸ் ஓடினதுன்னா அதுக்குக் காரணம், அவர் இந்தக் கரையிலேயே பிழைக்கக் கத்துக்கிட்டார் என்பதுதான்.

1670-ல இரண்டாவது கம்பெனி. அதுவும் 1729-ல மூடியாச்சு. 1732-ல ஆசியக் கம்பெனின்னு மூணாவது. பேர் மாறுது, போர்டு மாறுது, லாபம் மட்டும் வந்தா வருது, வராட்டா இல்லை.

அப்போ கல்லா எப்போ கட்டினாங்க? இதுதான் பதிவோட மையம், கொஞ்சம் உன்னிப்பா கவனிங்க.

1778-ல அமெரிக்க விடுதலைப் போர்ல பிரான்ஸ் குதிச்சது. 1780 கடைசியில டச்சுக்காரங்களும் உள்ளே இழுக்கப்பட்டாங்க. இங்கிலாந்து, பிரான்ஸ், ஹாலந்து மூணு பேரும் நடுக்கடல்ல ஒருத்தன் கப்பலை இன்னொருத்தன் பிடிக்கிறான். பாண்டிச்சேரியில பிரெஞ்சுக்காரனும், நாகப்பட்டினத்துல டச்சுக்காரனும், சென்னையில இங்கிலீஷ்காரனும் சரக்கை வச்சுக்கிட்டு முழிக்கிறாங்க. நடுவுல டென்மார்க் மட்டும் யார் பக்கமும் இல்லை. டேனிஷ் கொடி பறக்கிற கப்பலைச் சட்டப்படி யாரும் தொடக்கூடாது. அவ்வளவுதான், அந்தக் கொடியே சரக்காகிடுச்சு! டச்சுக்காரனோட பட்டேவியா சரக்கும், பிரெஞ்சுக்காரனோட மொரிஷியஸ் சரக்கும் டேனிஷ் காகிதத்தோட பயணம் போச்சு. நடுநிலை என்கிற ஒண்ணுக்கு வாடகை வசூல் பண்ணினாங்க. நெப்போலியன் கால யுத்தங்கள்ல இதே கதை இன்னும் ஜோராய் நடந்துச்சு. டேனிஷ் வரலாற்றில் அந்தக் காலத்துக்குச் "செழிப்பான வணிகக் காலம்" என்றே பேர்.

இரண்டாவது வழி இன்னும் சுவாரசியம். இங்கிலீஷ் கும்பினி அதிகாரிகள் இங்கே லஞ்சம், சொந்த வியாபாரம், வட்டி என்று மூட்டை மூட்டையாய் சேர்த்து வச்சிருந்தாங்க. அதை ஊருக்கு அனுப்பணும். சொந்தக் கும்பினி வழியா அனுப்ப வரம்பு இருந்துச்சு, கேள்வியும் வரும். டேனிஷ்காரன்கிட்டயோ துணி வாங்கக் காசில்லை. ரெண்டு பேருக்கும் முடிச்சுப் போட்டாச்சு. அதிகாரி இங்கே ரூபாயைக் கொடுத்துடுவார். டேனிஷ்காரன் அதுல துணி வாங்கிக் கோபன்ஹேகனுக்கு அனுப்புவான். அங்கே சரக்கு வித்ததும் அதிகாரிக்கு ஐரோப்பாவுல பணம் கைக்கு வந்துடும், கையில இருக்கிற ஒரு உண்டியல் சீட்டுக்கு. வெள்ளி கொண்டு வர வேண்டாம், வங்கிக் கடன் வேண்டாம். கஸ்டமரோட காசுலேயே கடை ஓடும். இன்னிக்கு இதை "முதலீடு இல்லாத பிசினஸ் மாடல்" என்று சொல்லி ஒரு மணி நேரம் வகுப்பெடுப்பாங்க. தரங்கம்பாடியிலும், அதைவிட அதிகமா செராம்பூரிலும் இது நடந்துச்சு.

மூணாவது, தேயிலை. இது தரங்கம்பாடி வழி இல்லை, சீனாவின் கான்டன்ல இருந்து நேரா கோபன்ஹேகன் போனது. ஆனா அதே ஆசியக் கம்பெனி. இங்கிலாந்துல தேயிலைக்கு வரி 119 சதவீதம். டென்மார்க்ல இறங்கின தேயிலையில பெரும்பங்கு, ராத்திரியோட ராத்திரியா இங்கிலாந்துக் கரைக்குக் கள்ளத்தனமா போய்ச் சேரும். லாபம் தேயிலையில இல்லைங்க, அந்த வரியில இருந்துச்சு.

மூணையும் சேர்த்துப் பாருங்க. கொடி, உண்டியல், தேயிலை. மூணுலயும் டேனிஷ்காரன் தயாரிச்ச பொருள்னு ஒண்ணு கிடையாது. அடுத்தவன் போட்ட வேலியில ஒரு ஓட்டை இருந்துச்சு, அந்த ஓட்டைக்குக் காவல் நின்னு காசு வாங்கினான். தப்புன்னு சொல்ல வரலை. ஆனா அந்த வேலி யாரோடது?

பதில் சீக்கிரமே வந்துச்சு. 1784-ல இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரே சட்டத்துல தேயிலை வரியை 119-ல இருந்து பன்னிரண்டரை சதவீதமா இறக்கிச்சு. அதோட கள்ளத் தேயிலைக்கு இருந்த காரணமே போச்சு. கோபன்ஹேகன்ல யாரும் சோம்பேறியாகலை, தரம் குறையலை, கஸ்டமர் கோபிச்சுக்கலை. லண்டன்ல ஒரு பேனா அசைஞ்சுச்சு, அவ்வளவுதான்.

கொடிக்கும் அதே கதி. டென்மார்க் நடுநிலை நாடுகளோட அணி சேர்ந்ததும் இங்கிலாந்துக்குக் கோபம், 1801-ல தரங்கம்பாடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1802-ல திருப்பிக் கொடுத்தாங்க. 1807-ல கோபன்ஹேகன் மேலேயே குண்டு போட்டாங்க, 1808-ல மறுபடி தரங்கம்பாடி போச்சு, 1815-ல தான் திரும்பக் கிடைச்சது. நடுவுல 1813-ல இன்னொரு பேனா. இந்திய வியாபாரத்தில் இங்கிலீஷ் கும்பினிக்கு இருந்த ஏகபோகம் ரத்து. லண்டனுக்கு நேரா சரக்கும் பணமும் அனுப்ப வழி திறந்தாச்சுன்னா, டேனிஷ் உண்டியல் யாருக்கு வேணும்? போதாக்குறைக்கு லங்காஷயர் மில் துணி வந்து நம்ம கைத்தறி ஏற்றுமதியையே சாய்ச்சுடுச்சு. 1815-க்கு அப்புறம் ஊர் டென்மார்க்குக்குச் செலவுக் கணக்காகிப் போய், முப்பது வருஷத்துல முதல் பத்தியில சொன்ன விலைக்குப் போச்சு. 1861-ல நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்ததும் துறைமுகம்கிற பேரும் போச்சு. மாயவரத்துல இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர்கேஜ் லைன் 1926-ல வந்துச்சு. 1980-கள்ல அதையும் மூடிட்டாங்க.

இதை இப்ப ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, எங்க வீட்டுலயே ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு.

பொறையாறுல எங்க சித்தி பையன் இருக்கான். டிப்ளமோ முடிச்சுட்டு ரெண்டு வருஷம் திருப்பூர்ல வேலை பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டான். ஆன்லைன்ல கடை போடப் போறானாம். சீனாவுல இருக்கிற பொருளை, அமெரிக்காவுல இருக்கிறவனுக்கு, பொறையாறுல உட்கார்ந்துக்கிட்டு விற்கிறது. சரக்கைக் கண்ணால பார்க்கவே வேண்டாம். விளம்பரத்துக்கு மட்டும் நாலு லட்சம் வேணும். சித்தியோட நகையை அடகு வச்சு ரெண்டு, நான் ரெண்டு.

"அண்ணே, ஒரு போன் கவர்ல மட்டும் எவ்வளவு நிக்குது தெரியுமா? விலை வித்தியாசம்தாண்ணே பிசினஸே"ங்கிறான்.

"அந்த வித்தியாசத்தை யாருடா வச்சிருக்கா?"ன்னு கேட்டேன். முழிச்சான்.

அமெரிக்காவுல 800 டாலருக்குக் கீழே இருக்கிற பார்சலுக்குச் சுங்க வரி இல்லைன்னு 2016-ல இருந்து ஒரு சலுகை இருந்துச்சு. உலகம் பூரா சின்ன சின்ன ஆன்லைன் கடைகள் அதை நம்பித்தான் முளைச்சது. 2025 மே மாசம் சீனப் பார்சலுக்கு அது ரத்து. 2025 ஆகஸ்ட் 29-ல எல்லா நாட்டுக்கும் ரத்து. அதுக்கு நாலு நாள் முன்னாடி நம்ம இந்திய அஞ்சல் துறையே அமெரிக்காவுக்குப் போற பார்சல்களை நிறுத்தி வச்சுது. கடிதத்துக்கும் சின்னப் பரிசுப் பொருளுக்கும் மட்டும் விலக்கு. அக்டோபர் நடுவுலதான் மறுபடி எடுக்க ஆரம்பிச்சாங்க. அந்த ஏழு வாரம் தபாலை நம்பி அமெரிக்காவுக்கு விற்றுக்கிட்டு இருந்த ஒரு சின்ன வியாபாரியை நினைச்சுப் பாருங்க. "ஐரோப்பா இருக்கேண்ணே"ன்னான். ஐரோப்பிய ஒன்றியத்து நிதி அமைச்சர்களும் 150 யூரோ வரை இருந்த விலக்கை எடுக்க 2025 நவம்பர்ல ஒத்துக்கிட்டாச்சு. 1784 தேயிலைச் சட்டத்துக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம்தான்: அப்போ வரியை இறக்கி ஓட்டையை அடைச்சாங்க, இப்போ வரியைப் போட்டு அடைக்கிறாங்க.

வெளிநாடு வரைக்கும் போகவே வேண்டாம். 2020 ஜூன் 29-ல டிக்டாக்கைத் தடை பண்ணினப்போ, அதை வச்சு விளம்பரம், விற்பனைன்னு பிழைச்சுக்கிட்டு இருந்த நம்ம கிராமத்துப் பசங்க எத்தனை பேர்! தடைக்கான காரணம் சரியா தப்பாங்கிறது வேற பட்டிமன்றம். அவங்களோட கடையும் கஸ்டமர் பேரும் விலாசமும் மொத்தமா ஒரே இடத்துல இருந்துச்சு, அந்த இடத்தோட சாவி அவங்ககிட்ட இல்லை.

பேனா எப்பவும் நமக்கு எதிராவே எழுதும்னும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன வியாபாரி, ஆன்லைன் தளங்கள் வழியா சரக்கு விற்கவே முடியாம இருந்துச்சு. 2023 அக்டோபர் 1-ல இருந்து, சொந்த மாநிலத்துக்குள்ள விற்கிறதா இருந்தா பதிவு வரம்பைத் தாண்டாத வரை விற்கலாம்னு மாத்தினாங்க. அது நல்ல ஓட்டை, இல்லை, நல்ல கதவு.

இப்ப தரங்கம்பாடிக்கே திரும்பப் போவோம். அந்தக் கரையில நின்னு நிலைச்சது என்னன்னும் பார்க்கணும் இல்லையா?

ஒண்ணு, அச்சுக்கூடம். 1706-ல வந்த சீகன்பால்கு கதை எல்லாருக்கும் தெரியும். அவர் லாபத்துக்கு வந்தவர் இல்லை, அதனால பிசினஸ் கணக்குல சேர்க்கலை. ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். 1712-ல அச்சு இயந்திரம் வந்துச்சு. ஜெர்மனியின் ஹாலே நகரத்துல வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல வந்துச்சு. எழுத்து ரொம்பப் பெருசு, காகிதத்தைத் தின்னுச்சு. காகிதமோ கப்பல்ல வரணும். ஆள் என்ன பண்ணினார்னா, சின்ன எழுத்துகளை இங்கேயே வார்க்க ஏற்பாடு பண்ணினார், பொறையாறுலயே ஒரு காகித ஆலையும் போட்டாங்க. 1715-க்குள்ள தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுசா அச்சாச்சு. கப்பலை எதிர்பார்த்து நிக்கிறதைத் தன்னால முடிஞ்ச அளவு குறைச்சுக்கிட்டார். எல்லாத்துக்கும் முன்னாடி உட்கார்ந்து தமிழ் படிச்சார்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க. நாகூர், நாகப்பட்டின மரைக்காயர்கள் டேனிஷ்காரன் வர்றதுக்கு முன்னாடியும் கிழக்கே கப்பல் விட்டாங்க, அவன் மூட்டை கட்டின பிறகும் விட்டாங்க. இங்கிலீஷ்காரன் 1786-ல பினாங்கைப் பிடிச்சா அங்கே போனாங்க, 1819-ல சிங்கப்பூரை ஆரம்பிச்சா அங்கேயும் போனாங்க. சிங்கப்பூர்ல 1828-க்கும் 1830-க்கும் நடுவுல கட்டின நாகூர் தர்கா இன்னிக்கும் நிக்குது. கொடி மாறினா இவங்க வியாபாரமும் அடி வாங்கும்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா எந்தத் துணி எந்தத் தீவுல போகும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், யார் வார்த்தையை நம்பலாம்னு தலைமுறை தலைமுறையா சேர்த்து வச்ச அறிவை எந்த நாடாளுமன்றமும் சட்டம் போட்டு ரத்து பண்ண முடியாது. துறைமுகம் செத்தா அடுத்த துறைமுகத்துக்கு அதைக் கையோட கொண்டு போகலாம். டேனிஷ் கொடியை அப்படிக் கொண்டு போக முடியலை.

அதனால தம்பிகிட்ட என் பதிலைச் சொல்லிட்டேன். சீனா, அமெரிக்கா திட்டத்துக்கு என் ரெண்டு லட்சம் கிடையாது. சித்தி நகையிலும் கை வைக்காதேன்னு சொல்லிட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். "நீ மட்டும் அமெரிக்காக்காரனுக்குப் பொட்டி தட்டலாம், நான் அமெரிக்காக்காரனுக்கு விற்கக் கூடாதாக்கும்"னு ஒரு கேள்வி கேட்டான் பாருங்க, எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போச்சு. உண்மைதானே? என் சம்பளமும் எவனோ ஒருத்தன் போடுற விசா சட்டத்துலயும், ரூபா டாலர் வித்தியாசத்துலயும்தான் நிக்குது. நானும் ஒரு டேனிஷ் கொடிதான். ஆனா நான் அதுக்காக யார் நகையையும் அடகு வைக்கலை. அந்தக் காசு வர்ற வரைக்கும் வாங்கி, வேற ஏதாவது ஒண்ணு நிக்கிற மாதிரி பண்ணிக்கணும்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிறேன்.

அவனுக்கு மாத்துத் திட்டமும் சொல்லியிருக்கேன். அவங்க ஊரைச் சுத்திக் கருவாடு இருக்கு. மீன் எந்தக் கரையில எப்ப வருது, எது உப்பு அதிகம் போட்டது, எது மணல் ஒட்டினதுன்னு அவனுக்கு மூக்கே சொல்லும். கொஞ்சம் உள்ளே போனா மாப்பிள்ளை சம்பா, கருப்புக் கவுனி போடுற விவசாயிங்க இருக்காங்க. திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் 2006-ல இருந்து நெல் திருவிழா நடத்தி, விதையைக் கை மாத்திக் கொடுத்துக் கொடுத்து, 2018-ல அவர் மறையுறதுக்குள்ள இந்த அரிசிகளுக்கு ஒரு கூட்டத்தையே உண்டாக்கிட்டுப் போனார். வாங்குறவன் சென்னையிலும் கோயம்புத்தூர்லயும் இருக்கான். நாலு லட்சம் வேண்டாம், முப்பதாயிரத்துல ஆரம்பிக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு, வாசம் வெளியே வராத பேக்கிங், கூரியர்காரன் கருவாடு எடுப்பானாங்கிற விசாரணை, இதெல்லாம் தலைவலிதான். லாபமும் போன் கவர் மாதிரி கண்ணைப் பறிக்காது. இதுவும் ஊத்திக்க வாய்ப்பு இருக்கு. ஆனா ஊத்தினா அவனுக்கு அரிசியைப் பத்தியும் ஆளுங்களைப் பத்தியும் தெரிஞ்சது மிச்சம். இந்த முப்பதாயிரம் என் கணக்குல இருந்து தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

உங்கள்ல யாராவது ஆன்லைன்ல தொழில் தொடங்குற யோசனையில இருந்தா, தரங்கம்பாடிக் கணக்குல இருந்து நான் எடுத்துக்கிட்ட நாலு கேள்வி இதோ:

1. நான் விற்கிறது பொருளா, இல்லை ஒரு சட்டத்துல இருக்கிற ஓட்டையா?

2. ஓட்டைன்னா, அதை அடைக்கிற பேனா யார் கையில இருக்கு? அந்த ஆளுக்கு என் பேர் தெரியுமா?

3. நாளைக்கே தளம் மூடினா, வாங்குறவன் பேரும் போன் நம்பரும் என் நோட்டுல இருக்கா?

4. கப்பல் ரெண்டு வருஷம் வரலைன்னா நான் இங்கேயே எப்படிப் பிழைப்பேன்?

முதல் கேள்விக்கு "ஓட்டை"ன்னு பதில் வந்தா உடனே ஓடிப் போகணும்னு நான் சொல்லலை. டேனிஷ்காரன் அந்த வருஷங்கள்ல சம்பாதிச்சது நிஜமான காசு. ஆனா அந்த வருமானத்தை நம்பிக் கோட்டை கட்டாதீங்க, கடன் வாங்காதீங்க, முக்கியமா அம்மா நகையை எடுக்காதீங்க.

தம்பி இன்னும் முடிவு சொல்லலை. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினப்போ, "நெத்திலிக் கருவாடு கால் கிலோ பாக்கெட் போட்டா கூரியர் எவ்வளவுண்ணே ஆகும்?"னு மட்டும் கேட்டான். எனக்கும் தெரியலை. தமிழ்நாட்டுக்குள்ள உணவுப் பொருள் அனுப்பிப் பழக்கம் இருக்கிற மக்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, புண்ணியமாப் போகும்.